பாசத்தால் தருகிறேன்

சக்ரபாணிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று மதுரை டாக்டர் சொன்னபோது, அவன் மனைவி ஸாவித்ரி முதலில் கேட்டது, "என்னோடதை எடுத்து வைக்க முடியுமா டாக்டர்?" என்றுதான். ரத்தப் பிரிவு சேரவில்லை. குழந்தைகள் கிடையாது. பெற்றவர்கள் காலமாகி வெகுநாளாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே அண்ணன் கண்ணபிரான். இராஜபாளையத்தில் நூல் கமிஷன் வியாபாரம் செய்பவர். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே ரத்தப் பிரிவு என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் அந்தப் பேச்சை எடுத்ததும் கண்ணபிரான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"செலவு அத்தனையும் என்னோடது. அதைப் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம்" என்றார்.

அதற்கு மேல் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் முகத்தில் விழிப்பது எப்படி என்ற தயக்கம் எல்லோருக்கும் இருந்தது.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். அதற்கு முன்பெல்லாம் பணம் இருந்தால் போதும், யாராவது ஓர் ஏழையின் சிறுநீரகம் கிடைத்துவிடும். மெட்ராஸில் அது ஊரறிந்த வியாபாரம். சக்ரபாணி படுத்த சமயத்தில்தான் அதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் மனைவி தரலாம். மற்றவர்கள் என்றால் பாசத்தினால் மட்டுமே தரலாம். காசு வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். அது பாசம்தானா என்று பார்த்துச் சொல்ல மெட்ராஸில் ஒரு கமிட்டி இருந்தது.

"சட்டம் வந்தா வந்துட்டுப் போகுது சாமி" என்றான் சங்கிலிப்பாண்டி. இராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனிகளுக்கு வேலையாள் சேர்த்துவிடுகிறவன் அவன். "பணத்துக்குன்னு சொன்னாத்தான தப்பு? பாசத்துக்குன்னு சொல்லிட்டாப் போச்சு. அதுக்குத் தக்க ஒரு ஆளு நான் கொண்டாரேன்."

அவன் கொண்டுவந்தவள்தான் நாச்சியார். தளவாய்புரத்துக்காரி. முப்பது வயது இருக்கும். பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவன் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பவில்லை என்று சங்கிலிப்பாண்டி சொன்னான். மதுரையில் பரிசோதனை செய்ததில் எல்லாம் பொருந்தியது.

"பேரைப் பார்த்தியா ஸாவித்ரி? நாச்சியார்! ஆண்டாளே அனுப்பி வச்ச மாதிரி இருக்கு" என்று கண்ணபிரான் கண்கலங்கினார். அவர் பொய்யாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் அதை மனப்பூர்வமாக நம்பினார்.

ஏற்பாடு இதுதான். நாச்சியார் பல வருஷமாக ஸாவித்ரி வீட்டோடு இருந்து வேலை செய்கிறவள், உடன்பிறந்தவள் மாதிரி, அந்தப் பாசத்தில் தருகிறாள். இதைக் கமிட்டி நம்ப வேண்டுமென்றால் அந்த வீடு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும். எனவே அவள் கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சக்ரபாணி வீட்டுக்கே வந்து தங்கினாள். ஸாவித்ரிதான் சொல்லிக் கொடுத்தாள்.

"அவருக்கு எந்தக் காய் ஆகாது?"

"வாழைக்காயும் தக்காளியும் ஆகாதும்மா. கீரையை வேக வச்சு, தண்ணிய வடிச்சுட்டுத்தான் குடுக்கணும்."

"அம்மா இல்லை. அக்கா."

"சரிக்கா."

"அவர் மில்லுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவார்?"

"இப்பப் போறதில்ல. முன்ன, காலம்பர டவுன் பஸ்ல இராஜபாளையம் போவாரு. ஆபீஸ்ல கணக்கெழுதுற வேலை. சாயந்தரம் வரையில குனிஞ்ச தல நிமிராம எழுதுவாராம். அவருக்குப் பிடிச்சது மிளகு ரசம். கோவம் வந்தா பேச மாட்டாரு, நகத்தைக் கடிப்பாரு."

கடைசியில் சொன்னது ஸாவித்ரி சொல்லிக் கொடுத்ததல்ல. அவளாகப் பார்த்துக்கொண்டது. கெட்டிக்காரி. மாமியார் மாமனார் திதி வரும் மாதங்கள், எந்த அலமாரியில் எது இருக்கிறது, மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடமாயிற்று. ஸாவித்ரியின் பழைய சுங்கடிப் புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் தம்பதிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். சமையல் நடக்கும் தளிகை உள்ளுக்குள் மட்டும் அவள் வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பின்கட்டுத் தாழ்வாரத்தில் அவளுக்குத் தனியாக ஒரு தட்டும் டம்ளரும் இருந்தன.

ஒருநாள் டயாலிஸிஸ் முடிந்து மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த சக்ரபாணி, வாசலிலேயே வாந்தியெடுத்து விழுந்துவிட்டான். ஸாவித்ரி கை கால் ஓடாமல் நின்றாள். நாச்சியார்தான் ஓடிவந்து அவனைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. செத்த நேரத்துல சரியாப் போயிரும்" என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டே இருந்தாள். அன்று ராத்திரி சக்ரபாணி மனைவியிடம், "அந்தப் பொண்ணுக்கு வலிக்குமோ?" என்று கேட்டான்.

"டாக்டர் பார்த்துப்பா. நீங்க தூங்குங்கோ" என்றாள் ஸாவித்ரி.

அவளுக்கு அப்போது கணவன் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. மடவார் வளாகத்துச் சிவன் கோயிலுக்குப் போனால் தீராத வயிற்று நோயும் தீரும் என்று யாரோ சொன்னார்கள் என்று, வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து அது வரை அந்தப் பக்கமே போகாதவள் அங்கேயும் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

*

மெட்ராஸில் கமிட்டி என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் வயதான டாக்டர். பக்கத்தில் ஒரு பெண் டாக்டர். இன்னொருவர் சட்டம் தெரிந்தவர் போலிருந்தது. சக்ரபாணி, ஸாவித்ரி, நாச்சியார் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். கண்ணபிரான் வெளியே நின்றார்.

பெரியவர் நாச்சியாரிடம் கேள்விகளைக் கேட்டார். எந்தக் கேள்விக்கும் அவள் தடுமாறவில்லை. வீட்டில் எத்தனை அறை, ஐயாவுக்கு எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை, முதலில் கால் வீங்கியதா முகம் வீங்கியதா, எல்லாவற்றுக்கும் நேரில் பார்த்தவள் போலப் பதில் சொன்னாள். "எனக்கு அவிய ரெண்டு பேரும் கூடப் பொறந்தவுக மாதிரி. நான் பாசத்தாலதான் தாரேன். யாரும் ஒரு பைசா குடுக்கல" என்று, கேட்பதற்கு முன்பே முடித்தாள்.

அனுமதி கிடைத்துவிட்டது என்றே ஸாவித்ரி நினைத்தாள்.

அப்போது அந்தப் பெண் டாக்டர் ஸாவித்ரி பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "இவங்களுக்குக் குழந்தை இருக்காம்மா?"

ஸாவித்ரி நாச்சியாரைப் பார்க்கத் திரும்பினாள்.

"அவங்களைப் பார்க்காதீங்க. நீங்க சொல்லுங்க."

"இருக்கு" என்று உத்தேசமாகச் சொன்னாள் ஸாவித்ரி.

"என்ன குழந்தை? பேரென்ன?"

அவள் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. சக்ரபாணி தலையைக் குனிந்துகொண்டான்.

"இவங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? இவங்க அம்மா இருக்காங்களா? இவங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, போதும்."

பல வாரங்களாக ஒரே கூரையின் கீழ் இருந்தவளைப் பற்றித் தனக்கு ஒரு விஷயம்கூடத் தெரியாது என்பது ஸாவித்ரிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. பிடித்த சாப்பாடு என்ன என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாச்சியாரே அந்தக் கேள்விக்குத் தலையைச் சற்று ஆட்டி ஏதோ ஜாடை காட்டினாள். ஆனால் ஸாவித்ரிக்கு நாக்கு எழவில்லை.

"அவங்க உங்களைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர் நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஸாவித்ரிக்கு இருந்தது.

அனுமதி கிடைக்கவில்லை.

கொல்லம் மெயிலில் திரும்பி வரும்போது சக்ரபாணி கீழ்ப் பலகையில் சுருண்டு கிடந்தான். நாச்சியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். செங்கல்பட்டு தாண்டியதும் ஸாவித்ரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன் குழந்தை பேரென்ன நாச்சியார்?"

நாச்சியார் அவளைப் பார்த்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "இப்ப எதுக்கும்மா?" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

*

ஊர் திரும்பியதும் கண்ணபிரான் ஏதோ கொஞ்சம் கொடுத்து நாச்சியாரைத் தளவாய்புரத்துக்கு அனுப்பிவைத்தார். பேசிய தொகை ஆபரேஷனுக்குத்தான், ஆபரேஷன் இல்லாதபோது அது இல்லை என்பது அவர் கணக்கு. சங்கிலிப்பாண்டி மறுபடியும் வந்தான். சட்டம் இன்னும் எட்டாத வேறொரு மாநிலம் இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்றான்.

"வேண்டாம்" என்றான் சக்ரபாணி. பேசுவதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் பொண்ணை அத்தனை பேர் முன்னாடி பொய் சொல்ல வச்சது போதும். நான் இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

மறுநாள் ஸாவித்ரி தனியாக டவுன் பஸ் ஏறி இராஜபாளையத்துக்குப் போனாள். கண்ணபிரான் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பங்கஜவல்லி, "வா ஸாவித்ரி, சக்ரபாணி எப்படி இருக்கார்?" என்று கேட்டபடி உள்ளேயிருந்து வந்தாள்.

ஸாவித்ரி உட்காரவில்லை. "அண்ணா, நீங்க தரேளா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அத்தனை மாதங்களில் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"என்ன பேசறே நீ? அவருக்கு வயசு அம்பதாறது. ரெண்டு பொண்களுக்குக் கல்யாணம் பண்ணணும். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று பங்கஜவல்லி சீறினாள்.

"நான் அண்ணாவைத்தான் கேக்கறேன் மன்னி."

கண்ணபிரான் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "பயமா இருக்கு ஸாவித்ரி" என்றார். பெரிய வியாபாரி, நாலு பேருக்குப் பஞ்சாயத்துச் சொல்லுகிறவர், சின்னப் பையன் போல அதைச் சொன்னார்.

"எனக்குப் புரியறது அண்ணா. ஆனா நாச்சியாருக்குப் பயமா இருக்கான்னு நாம ஒரு தடவையாவது கேட்டோமா? பணம் தரோமே, அதனால அவளுக்குப் பயம் இருக்காதுன்னு நினைச்சுட்டோம்."

ஸாவித்ரி தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள். வழியெல்லாம் அழுதாள். கேட்டது தப்போ, ஒரு மனுஷனை மூலையில் நெருக்கிவிட்டோமோ என்று அவளுக்கு இருந்தது. பயப்பட அவருக்கு உரிமை இல்லையா என்ன?

அந்த வாரக் கடைசியில் கண்ணபிரான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். நெற்றியில் திருமண் ஈரமாக இருந்தது. தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து அவன் வீங்கிய காலைத் தொட்டார். "நான் தரேன்டா" என்றார். சக்ரபாணி வேண்டாம் என்று கையை ஆட்டினான். "நீ சும்மா இரு" என்று சின்ன வயதில் அதட்டுகிற மாதிரி அதட்டினார். பங்கஜவல்லி அதற்கப்புறம் ஒரு வருஷம் ஸாவித்ரியுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சக்ரபாணிக்கு மறுநாளே சிறுநீர் பிரிந்தது. ஆனால் அந்த நாட்களில் ஸாவித்ரியின் மனதில் நின்றது கணவனைவிடக் கண்ணபிரான்தான். விலாவில் நீளத் தையலோடு கிடந்த அவரைச் சுற்றி எந்நேரமும் ஆள். ஒருவர் கஞ்சி கொண்டுவருவார், ஒருவர் காலைப் பிடித்துவிடுவார். மாதக்கணக்கில் அவரை ஒரு பாத்திரத்தைத் தூக்கவிடவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட, "தம்பிக்கு உயிர் கொடுத்தவர்" என்று எழுந்து நின்றார்கள். டாக்டர் அவரை ஆயுசுக்கும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

நாச்சியாருக்கு அவர்கள் பேசியிருந்தது என்ன? தையல் பிரித்ததும் பஸ் ஏற்றிவிடுவது. அவ்வளவுதான். அவளுக்குக் கஞ்சி வைத்துத் தர யார் இருக்கிறார்கள், எத்தனை நாளில் தறிக்கு முன்னால் போய் நிற்பாள், அப்புறம் ஏதாவது ஒன்று வந்தால் யாரிடம் போவாள் என்று, அத்தனை பேசியவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கஞ்சித் தூக்குச்சட்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது ஸாவித்ரிக்கு இது நினைவுக்கு வந்தது. வந்தது போகவில்லை.

*

இருந்தும் அவள் தளவாய்புரத்துக்குப் போக ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. சக்ரபாணியை விட்டு நகர முடியவில்லை என்பது ஒரு காரணம். எந்த முகத்தோடு போவது என்பது இன்னொன்று.

விசாரித்துக்கொண்டு போனாள். சின்ன ஓட்டு வீடு. உள்ளே ஒற்றை விசைத்தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வலைத்துணி மெல்ல மெல்ல உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. நாச்சியார் இவளைப் பார்த்ததும் தறியை நிறுத்தினாள். இளைத்திருந்தாள்.

"வாங்கம்மா. அய்யா எப்படி இருக்காக?"

"நன்னா இருக்கார். அண்ணா கொடுத்தார்."

"கேள்விப்பட்டேன். சந்தோசம்." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கதவோரம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "எம்மவதான். உங்க வீட்ல இருந்தப்ப பக்கத்து வீட்ல விட்டிருந்தேன்" என்றாள் நாச்சியார். "ஏட்டி அழகுத்தாயி, கடையில போயி குடிக்கக் கலர் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று அவளை அனுப்பினாள்.

தறியைப் பார்த்துவிட்டு ஸாவித்ரி, "சொந்தத் தறியா?" என்றாள்.

"ஆமா. ரெண்டு போடணும்னுதான் நெனைச்சேன். ஒண்ணுக்குத்தான் ஆச்சு."

ஸாவித்ரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். "நாச்சியார், நீ வேற எங்கேயாவது போய்..."

நாச்சியார் இடுப்புச் சேலையை ஒதுக்கிக் காட்டினாள். விலாவில் இருந்து முன்பக்கம் வரை தடித்த தழும்பு. தையல் போட்ட இடம் ஒரு மூலையில் புண்ணாகி ஆறிய அடையாளம் இருந்தது.

"மெட்ராஸ்ல இருந்து வந்து ரெண்டு மாசத்துல போனேன். வேற மாநிலம். அந்த ஊரு பாஷைகூட எனக்குத் தெரியாது. சங்கிலிப்பாண்டிதான் கூட்டிட்டுப் போனான். யாருக்குக் குடுத்தேன்னுகூடக் காட்டல. பேசுனதுல பாதிதான் கைக்கு வந்துச்சு. மிச்சத்தைக் கேட்டா, போலீசுக்குப் போ, உன்னையும் சேர்த்துத்தான் பிடிப்பாகன்னு சிரிக்கான்."

ஸாவித்ரியின் கண்கள் நிறைந்தன. "அன்னிக்கு நான் மட்டும் ஒரு வார்த்தை சரியாச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா உங்க வீட்லயே முடிஞ்சிருக்கும். நல்ல ஆஸ்பத்திரி. பேசுனது முழுசாக் கெடைச்சிருக்கும்." அவள் குரலில் சூடு ஏறியது. "நானும் ரொம்ப நாளா யோசிக்கேன்மா. என்னைக் காப்பாத்தத்தான் சட்டம் போட்டாகளாம். ஏழைய ஏமாத்துதாக, அதனால காசு வாங்கக் கூடாதுன்னு. சரி. தறி ஓட்டி ஓட்டி என் நெஞ்சுல பஞ்சு அடையுதே, அதுக்குக் கூலி வாங்குனா மட்டும் யாரும் தப்புன்னு சொல்லலியே? டாக்டர் வாங்குதாரு, ஆஸ்பத்திரி வாங்குது, புரோக்கர் வாங்குதான். குடுக்குறவ மட்டும் பாசத்தால குடுக்கணும். எனக்கு அது வெளங்கல."

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல வரலை."

"நானும் சரின்னு சொல்லலம்மா." நாச்சியார் தறியின் கட்டையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு எம்மவ வந்து, ஆத்தா நானும் குடுக்கப் போறேன்னு கேட்டா, காலை ஒடிச்சுப் போடுவேன். அதையும் நான் யோசிக்கத்தான் செய்யுதேன்."

தறி நின்றுவிட்ட வீட்டில் தெருச் சத்தம் கேட்டது.

"அப்புறம் டாக்டரைப் பார்த்தியா?"

"எந்த டாக்டர்? இங்க போனா எதுக்கு எடுத்தன்னு கேப்பாரு. என்ன சொல்ல? நூல் சுத்துன பாவு உருளையத் தூக்குனா தல சுத்துது. அம்புட்டுதான்."

ஸாவித்ரி கைப்பையில் பணம் கொண்டுவந்திருந்தாள். அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. "மதுரைக்கு என்னோட வா. எங்க டாக்டர்ட்ட காட்டலாம். கேள்வி கேட்டா நான் பதில் சொல்றேன்" என்றாள்.

"ஒரு நாள் தறி நிக்குமே" என்றாள் நாச்சியார். கொஞ்சம் யோசித்து, "சரி, வெள்ளிக்கெழம கரண்டு இருக்காது. அன்னைக்கு வாரேன்" என்றாள்.

மதுரை டாக்டர் தழும்பைப் பார்த்துவிட்டு ஸாவித்ரியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. இன்னும் சில மாதம் கவனிக்காமல் விட்டிருந்தால் இருக்கிற ஒன்றும் கெட ஆரம்பித்திருக்கும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரவேண்டும் என்றார்.

கண்ணபிரானும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே டாக்டரிடம் போகிறவர். அடுத்த முறை அவர் வாடகைக் கார் வைத்தபோது ஸாவித்ரி, "நாச்சியாரும் நம்மோட வரட்டும் அண்ணா" என்றாள். பங்கஜவல்லி முகத்தைச் சுளித்தாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "வரட்டும்" என்றார். முதலில் தளவாய்புரம் பிரியும் விலக்குக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டார்கள். கண்ணபிரான் முன் சீட்டில் உட்கார்ந்தவர், மதுரை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் வருவதற்கு நேரமாயிற்று. அது ஐப்பசி மாதம். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சுவரோரம் இருந்த பெஞ்சில் ஓர் ஓரத்தில் கண்ணபிரான், இன்னோர் ஓரத்தில் நாச்சியார். எதிரே ஸாவித்ரி மாத்திரைச் சீட்டைப் பார்ப்பதுபோல நின்றாள். கண்ணபிரான் வலது கையால் விலாவை அழுத்திவிட்டுக்கொண்டார். சற்றுப் பொறுத்து, யாரிடம் என்றில்லாமல், "மழைன்னா இந்த இடம் இழுக்கறது" என்றார்.

"எனக்கும் இழுக்குது சாமி" என்றாள் நாச்சியார். "வெந்நியில துணிய நனைச்சு ஒத்தடம் குடுங்க, வலிக்குச் செத்த கேக்கும்."

"துணில சூடு நிக்கறதா?"

"நாலு மடிப்பா மடிக்கணும். ஒத்தத் துணின்னா உடனே ஆறிப் போயிரும்."

கண்ணபிரான் தலையை ஆட்டிக்கொண்டார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "உனக்கு எந்தப் பக்கம் எடுத்தா?" என்று கேட்டார்.